சன்னலின் உயரம்

அத்தை அழைத்தபோது நான் 31 மாடிக் கட்டடம் ஒன்றின் காற்றுக்குழாய்ப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். "தம்பி, கடை ஒன்னு பாத்துருக்கேன். வந்து அளந்து ஒரு பிளான் போட்டுக் குடு" என்றார். ரவிக்கைக்கு அளவு கொடுப்பதுபோல்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது.

அத்தை கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 23 ஆண்டுகள் கிளார்க்காக இருந்தவர். வேலையை விட்ட பிறகு வீட்டு வரவேற்பறையிலேயே மற்றவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். இபிஎஃப், சொக்சோ, பிறப்புப் பத்திரம், கடப்பிதழ், இறந்துபோன கணவரின் வங்கிப் பணம், இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கும் கிழவிகளின் குடியுரிமை மனு. கூலி 10 வெள்ளி, 20 வெள்ளி. சிலர் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். காலை 7 மணிக்கே வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். ஒரு நாள் மாமா துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது வரவேற்பறையில் ஆறு பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்களாம். அன்றுதான் கடை பார்ப்பது முடிவானது.

பார்த்த இடங்கள் இரண்டு. இரண்டும் தெங்கு கிளானா சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில். ஒன்று, பழைய வரிசைக் கடையின் மேல்மாடி முழுவதும், வாடகை 900 வெள்ளி. மற்றொன்று, அதே வரிசையில் ஒரு தரைத்தளக் கடையின் முன்பாதி, 1,500 வெள்ளி. பின்பாதியில் ஒரு தையற்காரர் இருந்தார். அவருக்குச் சந்து வழியாகத் தனி வாசல் உண்டு.

எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் மேல்மாடியைத்தான் காட்டுவார். இரண்டு மடங்கு இடம், குறைந்த வாடகை. நான் அளவு நாடாவோடு படியேறினேன். 22 படிகள். சீரான கட்டட விதிகள் 1984 ஒரு படி 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்கிறது. இந்தக் கடை அந்த விதிகளைவிட மூத்தது. ஒவ்வொரு படியும் 200 மில்லிமீட்டர் இருந்தது. அத்தை எனக்குப் பின்னால் ஏறவில்லை. கீழேயே நின்றுகொண்டு, "ஏறிட்டியா? இப்ப முட்டிவலிக்காரி மாரி எறங்கி வா பாப்போம்" என்றார். பாதிக் கடை அப்படித்தான் முடிவானது.

இந்த ஊர்க் கடைகளின் உருவம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அளந்து பார்த்திருக்கமாட்டீர்கள். அகலம் 20 அடி, நீளம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு பக்கமும் அடுத்த கடையின் சுவர். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் முன்னும் பின்னும் மட்டும்தான் வழி. முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையின் வரலாறு 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்கு ராஃபிள்ஸ் கொடுத்த உத்தரவுக்குப் போகிறது. எல்லாக் கடைகளும் முன்னால் ஒரே அளவில் கூரையிட்ட நடைவழி விடவேண்டும் என்றது அந்த உத்தரவு. அங்கிருந்து மலாயாவின் நகரங்களுக்கும் வந்து 'காக்கி லீமா' ஆனது. பெயரில்தான் ஐந்தடி. அத்தை கடைக்கு முன்னால் இருந்தது 8 அடி.

அந்த 8 அடி எனக்கு முக்கியமாக இருந்தது. கடை மேற்குப் பார்த்தது. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. கூரையின் உயரம், நடைபாதையின் அகலம், சூரியனின் கோணம் மூன்றையும் வைத்துப் போட்ட கணக்கில் நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக வெயில் தரையைத் தொடும். நான்கரைக்குள் மேசைக்கு ஏறிவிடும். அதன்பின் மூங்கில் தட்டியை இறக்கவேண்டும். அதுவரைக்கும் கடைக்குள் வருவது நல்ல வெளிச்சம், கண் கூசாத வெளிச்சம். இந்தக் கணக்கை அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். "இத எதுத்தாப்புல உள்ள சாப்பாட்டுக் கடைக்காரர கேட்டாலே சொல்லிருப்பாரே" என்றார்.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். எங்களிடம் வரும்போது அறைகள் முடிவாகியிருக்கும். யார் எங்கே உட்காருவார்கள் என்பதை வேறு யாரோ தீர்மானித்திருப்பார்கள். அதற்குள் குளிர்காற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் எங்கள் பாடு. எங்கள் கணக்கில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் 130 வாட். அவர் கோபமாக இருந்தாலும் அழுதுகொண்டிருந்தாலும் 130 வாட்தான். காத்திருக்கும் பத்துப் பேர் 1,300 வாட் சுமை. 'சுமை' என்பது எங்கள் தொழிலின் சொல், நானாகச் சேர்த்ததில்லை.

முதல் படத்தை இந்தப் புத்தியோடுதான் வரைந்தேன். சுமை அதிகமான இடத்தை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தேன், காற்றாடி போதும். நடுவில் குறுக்காக ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன்பின்னால் எர்கோன், அத்தையின் மேசை, அலமாரி, பிரின்டர். தடுப்பின் நடுவே பாரம் வாங்கவும் கொடுக்கவும் ஒரு திறப்பு. குளிர்காற்று வீணாகாது, தூசி வராது, கூட்டம் மேசையை மொய்க்காது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சரியான படம்.

அத்தை அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தத் திறப்பின்மேல் விரலை வைத்தார்.

"இது என்னா?"

"கவுண்டர் அத்தை. பாரம் வாங்க."

"நான் எங்க இருப்பேன்?"

"உள்ள."

"அவங்க?"

"வெளிய."

படத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார். "தோட்டத்து ஆபீஸ் மாரி இருக்கு. வேற போடு."

அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, தேநீர் கலக்கும்போது மீதியைச் சொன்னார். பாட்டி கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். சம்பள நாளில் அத்தையையும் கூட்டிக்கொண்டு போவாராம். ஆபீஸ் மேட்டில் இருந்தது. தோட்டத்து ஆட்கள் உள்ளே போவதில்லை. பக்கவாட்டில் ஒரு சன்னல். அதற்கு உள்ளே கிராணி. பெயர் கூப்பிட்டதும் பாட்டி சன்னலுக்குக் கீழே போய்க் கையை மேலே தூக்குவார். மேலேயிருந்து ஒரு கை வந்து கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, செக்ரோலில் அழுத்தி, பணத்தை வைக்கும். அவ்வளவுதான். அந்தக் கை யாருடையது என்று அத்தைக்கு ரொம்ப நாள் தெரியாதாம். சன்னலுக்குக் கீழே வெள்ளைச் சுவரில், அத்தையின் தலை உயரத்தில், எல்லாரும் விரலைத் துடைத்த நீல நிறக் கறை இருக்குமாம். அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

"ஆபீசுக்கு ஏற எத்தன படி அத்தை?"

"அஞ்சு. எதுக்குக் கேக்குற?"

அன்று இரவு அந்த ஆபீசின் வெட்டுப்படத்தை வரைந்தேன். ஒரு படி 7 அங்குலம் என்று வைத்தால் ஐந்து படிக்கு 35 அங்குலம். ஏறக்குறைய 3 அடி. மேசை உயரத்திற்குச் சன்னல் என்றால் உள்ளே தரையிலிருந்து இரண்டரை அடி. ஆக, வெளியே நிற்பவருக்குச் சன்னலின் அடிவிளிம்பு ஐந்தரை அடியில் இருக்கும். பாட்டியின் உயரம் 4 அடி 10 அங்குலம். கண்மட்டம் நாலரை அடி. சன்னல் அவருடைய கண்ணுக்கு ஓர் அடி மேலே இருந்திருக்கிறது.

படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தப்பு எங்கே என்று என்னால் காட்ட முடியவில்லை. மழைத்தண்ணீருக்கும் கரையானுக்கும் பயந்து தரையை 3 அடி உயர்த்தியது சரி. நானாக இருந்தாலும் உயர்த்தியிருப்பேன். உட்கார்ந்து எழுதுபவனுக்கு வசதியாகச் சன்னலை மேசை மட்டத்தில் வைத்ததும் சரி. யாரும் ஒரு கிழவியை அவமானப்படுத்த உட்கார்ந்து வரைந்திருக்க வாய்ப்பில்லை. வெளியே நிற்பவரின் உயரத்தை மட்டும் யாரும் படத்தில் போடவில்லை. என்னுடைய கண்ணாடித் தடுப்பையும் நான் அப்படித்தான், ஒவ்வொன்றாகச் சரியான காரணங்களோடுதான் போட்டிருந்தேன்.

இரண்டாவது படத்தில் தடுப்பு இல்லை. குற்ற உணர்ச்சியில் வரைந்த படம் அது. முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி, நல்ல வெளிச்சத்தில், காத்திருப்பவர்களுக்கான இருக்கைகள். அத்தையின் மேசை பின்சுவரை ஒட்டி. இந்தத் தடவை பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"சன்னல் பக்கம் எனக்கு வேணும்" என்றார் அத்தை.

எனக்கு எரிச்சல் வந்தது. தோட்டத்து ஆபீஸ் கதையைச் சொன்னவர் அவர்தானே? காத்திருக்கிறவர்கள் பெரியவர்கள், நோயாளிகள், அவர்களுக்கு வெளிச்சம் வேண்டாமா என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அத்தை முடியும்வரை கேட்டார்.

"23 வருசம் போட்டோஸ்டேட் மிசின் பக்கத்துல உக்காந்தேன் தம்பி. மழ பேயுறது, ஆளுங்க நனஞ்சி உள்ள வந்தாதான் எனக்குத் தெரியும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலை செய்பவரும் மனிதர்தான் என்பது எனக்கு மட்டும் ஏன் மறந்தது என்று தெரியவில்லை; எங்கள் அலுவலகத்தில் என் இடத்திலிருந்தும் சன்னல் தெரியாது. சாம்பல் நிறத் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடுப்புகளுக்கு மூலமான 'ஆக்‌ஷன் ஆபீஸ்' வடிவமைப்பை 1960களில் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக உருவாக்கிய ராபர்ட் ப்ராப்ஸ்ட், ஊழியர்களுக்குச் சுதந்திரம் தருவதாகத்தான் நினைத்தார். நிறுவனங்கள் அதை எடுத்து, குறைந்த இடத்தில் நிறைய பேரை அடைக்கும் பெட்டிகளாக்கின. அவரே பிற்காலத்தில் அதைச் சாடினார். பாவம் மனிதர்.

மூன்றாவது படம்தான் கட்டப்பட்டது. சுவர்களைக் கழித்தால் உள்ளகலம் 19 அடி. நடுவில் மூன்றடிக் கதவு. சக்கர நாற்காலி நுழையும். உள்ளே நுழைந்ததும் அது திரும்ப ஐந்தடி வட்டம் காலியாக விட்டேன். இடப்பக்க 8 அடி அத்தைக்கு, வலப்பக்க 8 அடி காத்திருப்பவர்களுக்கு. இருவருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே வெளிச்சம். மேசை கண்ணாடியைப் பார்த்தபடி இல்லை, அதற்குச் செங்குத்தாக. கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் வைத்தால் திரையில் வெளிச்சம் விழுந்து எழுத்து தெரியாது. முன்னால் வைத்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருந்தால் மழையும் தெரியும், திரையும் தெரியும்.

வருகிறவரின் நாற்காலி மேசைக்கு எதிரே இல்லை, பக்கத்தில். இது அத்தையின் யோசனை. இந்த வேலையில் பாதித் தொல்லை பெயரில்தான். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, ஐசியில் ஓர் எழுத்து, அப்பாவின் பெயர் இரண்டிலும் இரண்டு விதம். ஒரே எழுத்துக்காக மூன்று வருடம் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் அத்தை தட்டும்போதே திரையைப் பார்க்கலாம். "படிக்கத் தெரியாதவங்களுக்கும் அவங்க பேரு எப்படி இருக்கும்னு தெரியும்" என்றார். அந்த நாற்காலிக்கும் காத்திருப்பவர்களின் நாற்காலிகளுக்கும் கைப்பிடி வேண்டும் என்றும் சொன்னார். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து முட்டிவலிக்காரர்களால் எழ முடியாது. ஒரு நாற்காலிக்கு 40 வெள்ளி கூடுதல்.

காற்றுக்கு வருவோம், என் சொந்தத் துறை. எர்கோன் கடைக்காரர் 10க்கு 10 அறைக்கு ஒரு குதிரைத்திறன் என்ற ஊர்க் கணக்கில் 600 சதுர அடிக்கு ஆறு என்றார். என் கணக்கில் நாலரை. அத்தையின் கணக்கில் பூச்சியம்: "கெழவிங்க குளுருலயே செத்துருவாங்க." கட்டட விதிப்படி இயற்கைக் காற்று என்றால் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குச் சன்னல் இருக்கவேண்டும், 5 விழுக்காடு திறக்கவேண்டும். அதாவது 60 சதுர அடி கண்ணாடி, 30 சதுர அடி திறப்பு. முன்பக்கத்தில் அது தாராளமாகவே கிடைத்தது. ஆனால் காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுவிடும். பின்னால் தையற்காரரின் சுவர். அவரிடம் போய், சுவரின் மேற்பகுதியில் கம்பி வைத்த திறப்புகள் போட்டால் எங்கள் வாசல் காற்று உங்கள் வழியாகச் சந்துக்குப் போகும் என்று விளக்கினேன். உடனே ஒத்துக்கொண்டார். இன்றுவரை நன்றாக ஓடுகிறது. காற்று திரும்பி அடிக்கும் நாட்களில் மட்டும் அத்தையின் பாரங்கள்மேல் நூல் துணுக்குகள் விழும்.

ஒரு இடத்தில் மட்டும் எர்கோன் உண்டு. பின்மூலையில் 8க்கு 7 அடியில் ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு குதிரைத்திறன். யாரும் கேட்கக்கூடாத பேச்சுக்கு. திருமணம் பதியாமல் பிறந்த பிள்ளை, ஓடிப்போன கணவன், தத்தெடுத்ததை மறைத்த குடும்பம். பிறப்புப் பத்திரம் என்று வந்தால் இதையெல்லாம் சொல்லித்தான் ஆகவேண்டும். வீட்டில் இருந்தபோது அத்தை இவர்களை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போவார். இந்த அறையில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பலகைச் சுவரைத் தொங்குகூரையோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம், செலவு குறைவு. ஆனால் சத்தம் கூரைக்கு மேலே ஏறி அடுத்த பக்கம் இறங்கிவிடும். மேல்தளக் கான்கிரீட்வரை சுவரைக் கொண்டுபோய் இடுக்குகளை அடைத்தால்தான் நிற்கும். குத்தகைக்காரர் "தாக் பெர்லு லா" என்று சிரித்தார். 600 வெள்ளி கூடுதலாக வாங்கிக்கொண்டு செய்தார். முடிந்ததும் உள்ளே அத்தையை நிற்கவைத்து, சத்தமாக ஏதாவது பேசச் சொல்லிவிட்டு வெளியே வந்து காதை வைத்துப் பார்த்தேன். முணுமுணுப்பு மட்டும் கேட்டது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "மாமாவ திட்டுனேன்" என்றார். அந்த அறைக்கு அத்தை வைத்திருக்கும் பெயர் 'அழுவுற ரூம்'.

நான் அடியோடு மறந்தது காகிதம். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்ற நினைப்பில் ஒரே அலமாரிதான் போட்டிருந்தேன். அத்தை வீட்டிலிருந்து 11 பெட்டிகள் வந்தன. நான்கு இழுப்பறை இரும்பு அலமாரி பார்க்கத்தான் ஒல்லி. அறையை முழுவதும் இழுத்து அதன்முன் ஒரு ஆள் நிற்க அலமாரிக்கு முன்னால் ஏறக்குறைய 4 அடி வேண்டும். மூன்று அலமாரிகளுக்கு அந்த இடம் இல்லை. கடைசியில் அவை காத்திருக்கும் பக்கத்தின் பின்சுவரில் போய் நின்றன. இரண்டு நாற்காலிகள் குறைந்தன. 10 என்பது 8 ஆனது. பிளக் பாயிண்டுகளும் இரண்டு தப்பான இடத்தில். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. மொத்தச் செலவு 19,400 வெள்ளி. அத்தையின் இபிஎஃப் பணம்.

திறந்து ஒரு மாதம் கழித்து ஒரு விடுப்பு நாளில் போனேன். காலை பத்து மணி. நான் கணக்குப் பார்த்து, வெளிச்சம் பார்த்து, காற்று பார்த்து வைத்த இருக்கைகளில் ஒருவர்கூட இல்லை. கூட்டம் குறைந்துவிட்டதோ என்று பயந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், மூன்று நாற்காலிகள் வெளியே ஐந்தடியில் கிடந்தன. இரண்டு பாட்டிகளும் ஒரு தாத்தாவும் உட்கார்ந்து, எதிர்க்கடைத் தே தாரேயைக் குடித்தபடி, எந்தத் தோட்டம், யார் மகன் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் முறை வந்தபோது அத்தை கண்ணாடிக்கு உள்ளிருந்து கையை ஆட்டினார். அவர் கண்ணாடி வழியாகவே, "அவங்கள மொதல்ல பாருங்க, எனக்கு அவசரமில்ல" என்று சைகை காட்டினார்.

"நகராட்சிக்காரங்க பாத்தா நாற்காலியத் தூக்கிட்டுப் போயிருவாங்க அத்தை. நடபாதய மறைக்கக்கூடாது."

"தெரியும். வண்டிய பாத்ததும் சாப்பாட்டுக் கடைக்காரர் கொரல் குடுப்பாரு. உள்ள இழுத்துருவோம்."

எங்கள் தொழிலில் வேலை முடிந்ததும் இன்னொரு படம் வரையவேண்டும். திட்டமிட்டபடி இல்லாமல், உண்மையில் எப்படிக் கட்டப்பட்டதோ அப்படி. சிறிய கடைக்கு யாரும் அதைக் கேட்பதில்லை, நான் வரைந்தேன். அலமாரிகளை நகர்த்தினேன், பிளக் பாயிண்டுகளைத் திருத்தினேன். உள்ளே இருந்த நாற்காலிகளில் மூன்றை அழித்து, ஐந்தடியில் புள்ளிக்கோட்டில் போட்டேன்.